குழாய்த் தண்ணீரில் ஏறிய ஃபேட்

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குத் தயாராகிக்கொண்டிருந்த சமயம். தேர் நெருங்கினால் எங்கள் பக்கத்தில் பாலுக்குக் கிராக்கி வந்துவிடும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டு வெறுங்கையோடா திரும்புவார்கள்? ஆளுக்குக் கொஞ்சம் பால்கோவாவாவது வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். அதனால் வருடம் முழுக்க வாடிக்கையான பால்காரர்களை வைத்தே ஓட்டுகிற பால்கோவாக் கடைக்காரர்கள்கூட அந்த மாதத்தில் புது ஆட்களிடம் பால் எடுப்பார்கள். அப்படித்தான் எனக்கும் ஒரு கடையில் இடம் கிடைத்தது. அந்த வருடம் அங்கே புதிதாகச் சேர்ந்தது நான் ஒருத்திதான்.

நான் கூமாப்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்தவள். படித்தது பி.எஸ்ஸி. வேதியியல். பார்ப்பது மூன்று கறவை மாடுகளை. "கெமிஸ்ட்ரி படிச்சிட்டுச் சாணி அள்ளுதியாக்கும்" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. சாணியிலும் கெமிஸ்ட்ரி இருக்கு என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்யும். அதை அவர்களிடம் காட்டுவானேன்?

விடியற்காலையில் பாலைக் கறந்து கேனில் ஊற்றி, மொபெட்டில் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு கிளம்புவேன். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது காலேஜ் பஸ்கள் எதிரே வரிசையாக வரும். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும், கொஞ்சம் சிரிப்பும் வரும். நாமும் ஒரு காலத்தில் இப்படி ஜன்னலோரம் உட்கார்ந்து பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியவள்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

கடை முதலாளிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கடை தொடங்குவதற்கு முன்னால் ஒரு பால் சங்கத்தில் வேலை பார்த்தவர். பாலைச் சோதிப்பதை அங்கேதான் கற்றுக்கொண்டாராம். இப்போதெல்லாம் எல்லா இடத்திலும் பாலை ஊற்றினால் நம்பர் காட்டுகிற மெஷின் வந்துவிட்டது. அவரும் ஒன்று வாங்கி வைத்திருந்தார், துணி போட்டு மூடி. "கரண்டு போனா அதுவும் போயிரும்" என்பார். பழைய முறையில் கண்ணாடிக் குழாய், ஆசிட், கையால் சுற்றுகிற மெஷின் என்று தானே உட்கார்ந்து செய்வார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பழைய பால்காரர்களின் பால் நேராகப் பொதுச் சட்டிக்குப் போய்விடும். அவர்களை யாரும் சோதிப்பதில்லை. புதிதாக வருகிறவர்களின் பாலை மட்டும் முதலில் கொஞ்ச நாள் தனிச் சட்டியில் காய்ச்சுவார்கள். அதே அடுப்பு, அதே விறகு, அதே அளவு சர்க்கரை, அதே மாஸ்டர். பால் சுண்டி எவ்வளவு கோவா விழுகிறது என்று மாஸ்டர் பார்ப்பார். கூடவே பாலில் கொழுப்பு எவ்வளவு என்று அண்ணாச்சி ஃபேட் டெஸ்ட்டும் பண்ணுவார். சட்டியும் குழாயும் ஒரே கதையைச் சொன்னால், அதன் பிறகு நம் பாலும் பொதுச் சட்டிக்குப் போகும். பொதுச் சட்டிக்குப் போய்விட்டால் அந்தக் கடையில் நாம் ஒரு ஆள் என்று அர்த்தம்.

முதல் நாள் அவர் டெஸ்ட் பண்ணும்போது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். கழுத்தில் அளவுக்கோடு போட்ட தடித்த கண்ணாடிக் குழாய். அதில் ஆசிட், அதன் மேல் பால், கடைசியாக ஒரு சின்ன பாட்டிலிலிருந்து கொஞ்சமாக அமைல் ஆல்கஹால். கார்க்கை அடைத்துத் துணியால் பிடித்துக் குலுக்கினால் குழாய் சுடும். ஆசிட் பாலில் இருக்கிற மற்றதையெல்லாம் கரைத்துவிடும், கொழுப்பு மட்டும் மிஞ்சும். அது கருகாமலும் கலங்காமலும் தெளிவாகப் பிரிந்து மேலே வருவதற்குத்தான் அந்த ஆல்கஹால். சுற்றி எடுத்தால் குழாயின் கழுத்தில் பொன்னிறத்தில் ஒரு பட்டை நிற்கும். அதன் நீளம்தான் ஃபேட்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "இதெல்லாம் நான் காலேஜ்ல படிச்சிருக்கேன் அண்ணாச்சி" என்று ஆரம்பித்து, ஆசிட் என்ன செய்யும், ஆல்கஹால் என்ன செய்யும் என்று அங்கே கேனோடு நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி பாடம் நடத்தினேன். சாணி அள்ளுகிறவளுக்கும் நாலு விஷயம் தெரியும் என்று காட்டுகிற ஆசை. அந்தப் பேச்சே பின்னால் என் கழுத்துக்குக் கத்தியாகப் போகிறது என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

ரீடிங் ஆறுக்கு மேல் வந்தது. மாட்டுப் பாலுக்கு நூற்றுக்கு நாலு வந்தாலே நல்ல பால் என்பார்கள். அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பருத்திக்கொட்டையையும் புண்ணாக்கையும் நான் கணக்குப் பார்க்காமல் வைத்ததுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். ஊருக்குள் போய் எல்லோரிடமும் சொன்னேன். "மாட்டுக்குத் தீவனம் வைக்கியா, நெய்ய ஊத்துதியா ஏட்டி?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். அடுத்தடுத்த நாட்களிலும் அதே ஆறு. நானும் அதே பெருமை.

ஒரு வாரம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் பாலை இறக்கப் போனேன். மாஸ்டர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு துடுப்பைப் போட்டுக் கிண்ட ஆரம்பித்தார். அண்ணாச்சி வாசலுக்கு வந்து என் கேனின் மூடிமேல் கையை வைத்தார். பழைய பால்காரர்கள் எல்லோரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, இனிமே நீ பால் கொண்டு வர வேண்டாம்."

"ஏன் அண்ணாச்சி? என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சுன்னு நீதான் சொல்லணும். குழாய்ல பாத்தா ஆறு. சட்டியில பாத்தா நாலு ஃபேட் பாலுக்கு எம்புட்டு விழுமோ அம்புட்டுதான் கோவா விழுது. மிச்ச ரெண்டு எங்க போச்சு? எண்ணெய் கலந்திருந்தா சட்டி ஓரத்துல பிரிஞ்சு நிக்கும், மாஸ்டர் கண்ணு தப்பாது. அதுவும் இல்ல. படிச்ச பிள்ள நீ. குழாய ஏமாத்துற மருந்து ஏதோ ஒனக்குத் தெரிஞ்சிருக்கு."

நான் ஒன்றும் கலக்கவில்லை என்று சொன்னேன். அதைத்தானே கலந்தவளும் சொல்வாள்? வரிசையில் நின்ற ஒரு அக்கா, "அன்னைக்கே அம்புட்டு வியாக்கியானம் பேசும்போது நெனைச்சேன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. அண்ணாச்சி மேல் எனக்குக் கோபம் இருந்தாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் குரலில் ஆத்திரத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. ஊர் ஊராகப் பிள்ளைகள் தின்கிற பண்டம். ஒரு பிள்ளைக்கு வாந்தி என்றால் அவர் கடை போய்விடும். நான் அவர் இடத்தில் இருந்தாலும் கேனின் மேல் கை வைத்திருப்பேன்.

தலையைக் குனிந்துகொண்டு நின்றபோதுதான் அலமாரியில் அந்த ஆல்கஹால் பாட்டில் கண்ணில் பட்டது. அதன் மேல் ராஜபாளையத்து கெமிக்கல் கடை ஒன்றின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எதற்கென்று தெரியாமலே அந்தப் பெயரை மனதில் வாங்கிக்கொண்டேன்.

நான் கூமாப்பட்டி வந்து சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. எங்கள் ஊரில் வழக்கமாகப் பால் எடுக்கிற வண்டிக்காரர் சாயங்காலம் என் வாசலில் நிற்காமல் போனார். மாட்டுக்கு மான அவமானம் தெரியுமா? அது வேளைக்குச் சுரந்துவிட்டது. கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். கறந்தேன். கன்றுகளுக்கு விட்டது போக மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியாமல் பாத்திரம் பாத்திரமாக ஊற்றி வைத்தேன்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தைக்காரி. தினமும் சாயங்காலம் தூக்குச்சட்டியோடு வந்துவிடுவாள். அன்றைக்கு வரவில்லை. நானே ஒரு சொம்பில் எடுத்துக்கொண்டு போய்க் கூப்பிட்டேன். கதவைப் பாதி திறந்து, "இன்னைக்கி பாக்கெட் பால் வாங்கிட்டோம்க்கா" என்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் சங்கடப்பட்டது இருக்கிறதே, அதுதான் என்னை உடைத்தது. என் பால் ஒரு குழந்தைக்குக் கொடுக்கக்கூடாத பால் ஆகிவிட்டது.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நீ ஒண்ணும் போடலதான?" என்றார். கறந்து வைத்த பாலில் ஒரு டம்ளர் எடுத்து மடக் மடக்கென்று குடித்தேன். அழுகையும் பாலும் ஒன்றாகத் தொண்டையில் இறங்கின. அவர் எழுந்து வந்து அதே டம்ளரில் ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தார். "நாளைக்கு ராஜபாளையம் போவோம். அந்தக் கடைக்காரரக் கேப்போம்" என்றார். அவரைக் கட்டிக்கொண்டதற்கு நான் சந்தோஷப்பட்ட தருணங்களில் அது ஒன்று.

கடை, மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் இருந்தது. பள்ளிக்கூடங்களுக்கும் மில்களுக்கும் பெயின்ட் வேலைக்காரர்களுக்கும் சரக்குக் கொடுக்கிற கடை. உள்ளே கண்ணாடிச் சாமான்களும் ஆசிட் கேன்களும் தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருந்தன. கடைக்காரர் ஒரு பாய். அவரும் கெமிஸ்ட்ரி படித்தவர்தான் என்று பேச்சில் தெரிந்தது. நாங்கள் வாங்க வந்தவர்கள் இல்லை. சொல்லப்போனால் அவர் சரக்கில் குறை சொல்ல வந்தவர்கள். அப்படிப்பட்டவர்களை எந்தக் கடைக்காரர் உட்கார வைப்பார்? அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு, டீ சொல்லிவிட்டு, "நிதானமாச் சொல்லும்மா" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆசிட்டில் ஏதாவது கோளாறு இருக்குமா என்று கேட்டேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்டார்.

"ரீடிங் கூடுதா, கொறையுதா?"

"கூடுது பாய். ரெண்டு கூடக் காட்டுது."

அவர் டீயைக் கீழே வைத்தார். எழுந்து போய்ப் பின்பக்கத்திலிருந்து இரண்டு கேன்களை எடுத்து வந்தார். இரண்டும் ஒரே நீலம், ஒரே அளவு. இரண்டிலும் பெரிய எழுத்தில் அமைல் ஆல்கஹால் என்றுதான் போட்டிருந்தது. ஒன்றில் மட்டும் கீழே பொடி எழுத்தில் வேறு என்னவோ இருந்தது. மூடியைத் திறந்து, கையால் காற்றை மூக்குப் பக்கம் தள்ளி மோந்து பார்த்தார். என்னிடமும் நீட்டினார். முதல் கேனின் நெடி தொண்டையைப் பிடித்தது, இருமல் வந்துவிட்டது. இரண்டாவதில் அந்த நெடியோடு லேசாகக் கற்பூர வாசம் அடித்தது.

அந்த வாசம் மூக்கில் ஏறியதும், காலேஜ் விட்டதோடு தூங்கப்போயிருந்த ஏதோ ஒன்று என் மண்டைக்குள் எழுந்து உட்கார்ந்தது. "டெர்ஷியரி!" என்று கத்திவிட்டேன். வீட்டுக்காரர் பயந்துபோனார்.

அவருக்கு விளக்கிய மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். அமைல் ஆல்கஹால் என்பது ஒரு ஆள் இல்லை. ஐந்து கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். இந்தச் சரக்கை வைத்துக்கொண்டு எட்டு விதமாக ஆல்கஹால் கட்டலாம். கார்பனை நேராக அடுக்கலாம், கிளை விட்டு அடுக்கலாம், ஆல்கஹால் பகுதியை நுனியில் வைக்கலாம், நடுவில் வைக்கலாம். எடை போட்டால் எட்டும் ஒரே எடை. பால் டெஸ்ட்டுக்கு ஆவது நுனியில் வைத்த ஐசோ அமைல் வகைதான். சர்க்கரை ஆலைப் பக்கம் கழிவுப்பாகைப் புளிக்க வைத்துச் சாராயம் வடிக்கும்போது கடைசியில் மிஞ்சுகிற எண்ணெயிலிருந்து எடுப்பார்கள். அதையே வினிகர் அமிலத்தோடு சேர்த்தால் மிட்டாய்க்குப் போடுகிற வாழைப்பழ எசன்ஸ் கிடைக்கும். டெர்ஷியரி என்கிற வகைக்குக் குணம் வேறு. கெட்டியான ஆசிட்டைக் கண்டால் அது நிற்காது. தன்னிடம் இருக்கிற தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெய் மாதிரி ஆகிவிடும். அந்த எண்ணெய் எங்கே போகும்? நேராகக் கொழுப்போடு போய்ச் சேர்ந்து, குழாய்க் கழுத்தில் தானும் கொழுப்பு மாதிரி நிற்கும்.

வீட்டுக்காரர் இவ்வளவையும் கேட்டுவிட்டு, "பாலுக்குள்ள சாராயத்தையா ஊத்துதாக?" என்று கேட்டார். பாய் சிரித்துவிட்டார். "குடிக்கிற பாலுக்கு இல்ல தம்பி, டெஸ்ட் குழாய்க்கு மட்டும். எட்டுப் பிள்ளைக்கும் இனிஷியல் ஒண்ணுதான். கொணம் ஒண்ணா இருக்குமா?" என்றார். அதோடு அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த இரண்டாவது கேன் வார்னிஷ் போடுகிற ஒருவருக்காக வரவழைத்த கலப்புச் சரக்காம். எட்டில் பல வகை கலந்தது. கரைக்கிற வேலைக்கு அது போதும். பால் டெஸ்ட் பாட்டில்களை நிரப்பும்போது அவர் தானேதான் கேனை எடுத்து ஊற்றியிருக்கிறார். பெயரைப் பார்த்தவர் கீழே இருந்த பொடி எழுத்தைப் பார்க்கவில்லை.

"தப்பு என் கையில நடந்திருக்கும்மா" என்றார்.

யோசித்துப் பாருங்கள். "எங்க சரக்குல கோளாறே வராது, போங்க" என்று அவர் சொல்லியிருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம்? பாட்டிலில் எழுதியிருந்த பெயர் சரிதான். கேட்க வந்ததும் கேன் தூக்குகிற இரண்டு பேர். எழுந்து வந்திருப்போம், அவ்வளவுதான். ஏன் இதுவரை யாரும் புகார் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஃபேட் கூடுனா யாரும்மா கம்ப்ளெயின்ட் பண்ணுவா? கொறைஞ்சாதான் சண்டைக்கு வருவாக" என்றார்.

"நீங்க அண்ணாச்சிக்கு ஒரு போன் போட்டுச் சொன்னாப் போதும் பாய்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் அது போதும் என்றுதான் தோன்றியது.

பாய் என்னைப் பார்த்தார். "அவரு ஒன்னைய எங்க வச்சும்மா சொன்னாரு?"

"எல்லாப் பால்காரங்களும் நிக்கயில."

"அப்ப போன்ல சொல்லக்கூடாது."

கடையைப் பூட்டினார். சரியான பாட்டில் ஒன்று, சந்தேகப் பாட்டில் ஒன்று, இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் எங்கள் பின்னாலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார். அங்கே போய்ச் சேர்ந்தபோது மதியம். அண்ணாச்சி தனியாகத்தான் இருந்தார். அப்போதே சொல்லி முடித்துவிட்டுப் போயிருக்கலாம். பாய் சொல்லவில்லை. "சாயங்காலப் பால் வரட்டும் அண்ணாச்சி, ஒரு வேலை இருக்கு" என்று மட்டும் சொன்னார். பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்து, வெளியே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். என் வீட்டுக்காரர் சாயங்காலப் பால் கறந்து எடுத்துவர ஊருக்குத் திரும்பிவிட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில், இவள் எதற்கு ஆளைக் கூட்டி வந்திருக்கிறாள் என்ற எரிச்சல் தெரிந்தது.

அந்த மதியம் எனக்கு எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. வாசத்தை வைத்துச் சொன்னோமே தவிர யாரும் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. ஒருவேளை எங்கள் ஊகம் தப்பாக இருந்தால்? நாலு பேர் முன்னால் டெஸ்ட் பண்ணி, ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்? கலப்படக்காரி என்ற பெயரோடு, பழியை வியாபாரி தலையில் கட்டப் பார்த்தவள் என்ற பெயரும் சேரும். மாட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குத்தான் போக வேண்டும். பாயிடம் மெல்ல, "பேசாம இப்பவே தனியாப் பாத்திருவோமா?" என்று கேட்டேன். "பயமா இருக்கா?" என்றார். "ஆமா" என்றேன். "எனக்கும்தான்" என்றார். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது என்றால் நம்புவீர்களா?

வெயில் தாழ்ந்ததும் பால்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்தார்கள். எல்லோரும் வந்த பிறகு பாய் எழுந்தார். "அண்ணாச்சி, ஒரு டெஸ்ட் பண்ணணும். நான் தொட மாட்டேன், நீங்களே பண்ணுங்க. ஒங்க அலமாரியில இருக்கிற பாட்டிலையே எடுங்க."

"பால் எங்க?"

"பால் வேண்டாம். பாலுக்குப் பதிலாத் தண்ணி ஊத்துங்க."

"தண்ணில என்ன பாய் ஃபேட்டு?" என்று அண்ணாச்சி சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே குழாயில் ஆசிட்டை ஊற்றினார். முனிசிபாலிட்டிக் குழாயில் பிடித்த தண்ணீரை அளந்து மெல்ல விட்டார். ஆல்கஹாலை விட்டுக் கார்க்கை அடைத்துக் குலுக்கினார். மெஷினில் வைத்துச் சுற்றினார். வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினார். குழாயை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு மாஸ்டரிடம் நீட்டினார்.

மாஸ்டர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு" என்றார்.

பால்காரர்களில் ஒரு பெரியவர், "அப்ப முனிசிபாலிட்டிக்காரனும் மருந்து கலக்கானோ?" என்றார். கூட்டம் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தேன். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு சரியான பாட்டிலை எடுத்து அதே குழாய்த் தண்ணீரைச் சோதித்தார். கழுத்தில் ஒன்றுமே நிற்கவில்லை. அப்போதுதான் என் வீட்டுக்காரர் கேனோடு வந்து இறங்கினார். என் பாலையும் சோதித்தார். நாலும் கொஞ்சமும் வந்தது. சட்டி முதலிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. என் பருத்திக்கொட்டையின் மகிமை அத்தோடு முடிந்தது. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த நாலைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட மாதிரி ஆறைப் பார்த்தும் நான் சந்தோஷப்பட்டதில்லை.

பாய் எல்லோரையும் பார்த்துத் திரும்பி நின்றார். "இந்தப் பிள்ள ஒண்ணும் கலக்கல. பாட்டில் என் கடைப் பாட்டில். மாத்தி ஊத்துனது என் கை. அண்ணாச்சி மேலயும் தப்பு இல்ல, அவரு என்னைய நம்பி ஊத்துனாரு. பேசணும்னா என்னையப் பேசுங்க" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். கடைசியில் நின்றவருக்கும் கேட்டிருக்கும்.

அண்ணாச்சி குழாயைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். பிறகு, "தாயி, நான் சொன்னது தப்பு" என்றார். அறுபது வயதைத் தாண்டிய மனிதர் அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னபோது எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ. மதியம் முழுக்க அவரை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அதற்கெல்லாம் இனி வேலை இல்லாமல் போய்விட்டது. அவர் என் கேனைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பொதுச் சட்டியில் ஊற்றினார். முந்தின நாள் என்னைப் பற்றி முணுமுணுத்த அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடவே இல்லை.

ஆளுக்கு ஆள் சொல்லி, நல்ல செய்தியும் அன்றைக்கே கூமாப்பட்டி போய்ச் சேர்ந்தது. கெட்ட செய்தி அளவுக்கு வேகமாக இல்லை என்றாலும் போய்விட்டது. நாலைந்து நாளில் வண்டிக்காரர் வாசலில் நின்றார். பக்கத்து வீட்டுப் பெண்ணும் தூக்குச்சட்டியோடு வந்தாள். கொஞ்சம் கூடவே ஊற்றிக் கொடுத்தேன்.

பிறகு ஒருநாள் ராஜபாளையம் போனபோது பாயைப் பார்க்கப் போனோம். அந்தக் கேனிலிருந்து யார் யாருக்குப் பாட்டில் கொடுத்தாரோ, அத்தனை பேரிடமும் நேரில் போய்த் திரும்ப வாங்கியிருக்கிறார். அதில் ஒரு பழைய வாடிக்கை, "இனி ஒங்ககிட்ட வாங்க மாட்டோம்" என்று முறித்துக்கொண்டதாம். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. எங்களால்தானே பாய் இது என்றேன். "ஒங்களால இல்லம்மா, என்னால. அவுக கோவம் நியாயம்தான" என்றார். எங்களுக்கு டீ சொன்னார். தன் பிள்ளைகள் படிப்பைப் பற்றியும் என் மாடுகளைப் பற்றியும் பேசினார். நடந்ததை அவர் ஒரு பெரிய காரியமாக நினைத்த மாதிரியே தெரியவில்லை.

எனக்கு அது பெரிய காரியம்தான். அன்றைக்கு அவர் போனில் சொல்லியிருந்தாலும் அண்ணாச்சி என்னைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார். என் பால் விற்றிருக்கும். ஆனால் அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவர் மனதிலும் ஒரு மூலையில், இவள் என்னவோ கலந்தவள் என்பது அப்படியே கிடந்திருக்கும். ஒருவரைக் குற்றம் சொல்ல எல்லோருக்கும் கூட்டம் கிடைத்துவிடுகிறது. அந்தக் குற்றத்தைத் துடைக்கும்போது மட்டும் ஏன் எல்லோரும் ஆளைத் தனியாகக் கூப்பிடுகிறார்கள்? இப்போதெல்லாம் ஒருவரைப் பற்றி நாலு பேர் முன்னால் ஒரு சொல் சொல்ல வாயெடுத்தால், நாளைக்கு அது தப்பென்று தெரிந்தால் இதே நாலு பேரும் வந்து சேரும்வரை காத்திருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் வாயை மூடிக்கொள்கிறேன்.